சந்தேகத்தின் பேரில் தந்த குளிசை

1

தர்சிகா, அபினாஸ்,

நீங்கள் இரண்டு பேரும் இதை எப்படி வாசிப்பீர்கள் என்று எனக்குத் தெரியும். தர்சிகா எழுத்துக்கூட்டி வாசிப்பாள், இடையில் நிறுத்தி அம்மாவிடம் கேட்பாள். அபினாஸ் கைத்தொலைபேசியை எழுத்துக்கு மேலே பிடித்து ஜெர்மனுக்கு மாற்றிப் பார்ப்பான். அது எதை மாற்றுமோ, எதை விழுங்குமோ, அந்த இயந்திரத்தில் எனக்கு நம்பிக்கை இல்லை. ஆகவே சுற்றி வளைக்காமல் எழுதப் பார்க்கிறேன். ஊரில் உள்ள சனமும் வாசிக்கட்டும். மறைக்க இனி ஒன்றும் இல்லை.

போன ஞாயிற்றுக்கிழமை கோயில் மண்டபத்தில் சோற்றுக்கு வரிசையில் நின்றோமே, அப்போது ஒரு அக்கா அம்மாவைப் பிடித்துக்கொண்டார்.

"சுகந்தி, இவருக்கு என்ன வருத்தம் எண்டு நீங்கள் ஒருத்தரும் வாய் திறக்கிறியள் இல்லை. ஆள் பாதியாப் போனார்."

"இரத்தக் குறைவு அக்கா. இப்ப சுகம்."

"இரத்தக் குறைவுக்கு ஆரும் மாசக்கணக்கில ஆஸ்பத்திரிக்குத் திரியிறதே?"

அம்மா பருப்புக் கறியைப் பார்த்தார். அபினாஸ், நீ மெதுவாக, "பாதி எண்டால் மற்றப் பாதி எங்க அன்ரி?" என்று கேட்டாய். எல்லோரும் சிரித்தார்கள். அந்த அக்காவும் சிரித்தார். ஆனால் சிரித்துக்கொண்டே தர்சிகாவை உச்சி முதல் பாதம் வரை ஒருதரம் பார்த்தார். நான் அதைக் கண்டேன். இரத்தத்தில் வருத்தம் என்றால் பரம்பரையில் வருத்தம் என்று கணக்குப் போடுகிற பார்வை அது. கலியாணச் சந்தையில் அந்தப் பார்வைக்கு ஒரு விலை இருக்கிறது.

எனக்கு வந்தது இரத்தக் குறைவு அல்ல. லூக்கேமியா. இரத்தப் புற்றுநோய். உங்களுக்கு அது தெரியும், வெளியே ஒருவரைத் தவிர வேறு யாருக்கும் தெரியாது. அது உங்களுக்கும் வருமா என்பதுதான் அந்த அக்காவின் பார்வையில் இருந்த கேள்வி. அதைப் பற்றி எழுதத்தான் உட்கார்ந்தேன். ஆனால் அந்தக் கேள்வியை முதலில் கேட்டது அந்த அக்கா அல்ல, நானும் அல்ல. அதைப் பிறகு சொல்கிறேன்.

2

முதலில் பல் விளக்கும்போது இரத்தம் வந்தது. பிறகு கால்களில் நீலமாகக் கண்டல்கள். நான் வேலை செய்கிற பேக்கரித் தொழிற்சாலையில் தட்டு வண்டில் இடித்திருக்கும் என்று நினைத்தேன். புதுப் பற்பசையில் பிழை என்று அம்மா சொன்னார். பற்பசையை மாற்றினோம். இரத்தம் நிற்கவில்லை. காலையில் வீட்டு டாக்டரிடம் போய் இரத்தம் கொடுத்தேன். மத்தியானமே தொலைபேசி வந்தது. உடனே வரட்டாம். நானாகக் கார் ஓட்டக் கூடாதாம்.

இந்த நாட்டில் கண் டாக்டரிடம் ஒரு டெர்மின், சந்திக்க ஒரு நாள், எடுக்க மாரி போய்க் கோடை வர வேண்டும். அப்படிப்பட்டவர்கள் தாங்களாகவே எடுத்து உடனே வா என்றால் சந்தேகம் வராதா? ஊரில் ஒரு காலத்தில் ஜீப்பில் வந்து, "ஒண்டுமில்லை, சின்ன விசாரணை, ஏறுங்கோ" என்று கூப்பிடுவார்கள். மரியாதை கூடக் கூட ஆள் திரும்பி வருவது குறையும். அன்று அம்புலன்சில் வந்த பொடியன்மாரும் மிக மிக மரியாதையாக இருந்தார்கள். போர்வையைக் கழுத்துவரை இழுத்துவிட்டார்கள். நான் அதைத் திரும்பக் கீழே தள்ளினேன்.

நாங்கள் இருக்கிற ஹம்மில் இருந்து என்னைப் பக்கத்து நகரத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார்கள். கொண்டை கட்டிய ஓர் இளம் டாக்டர் வந்தார். தர்சிகா, நீ வங்கியில் தொழில் பழகுகிற ஆவுஸ்பில்டுங்கில் இருந்து வேலை உடுப்போடு ஓடி வந்திருந்தாய். டாக்டர் கதிரையை இழுத்துப் போட்டு நெடுநேரம் கதைத்தார். கைகளால் ஏதோ ஒட்டிக் காட்டினார், பிரித்துக் காட்டினார். நீ தலையாட்டிக்கொண்டே இருந்தாய். முடிவில் என் பக்கம் திரும்பினாய்.

"அப்பா, இரத்தத்தில ஒரு பிழையாம். குளிசை தருவினமாம்."

"இவ்வளவு நேரமும் அதையே சொன்னவ?"

"ஓம்."

"கையால என்னவோ ஒட்டிக் காட்டினா?"

"அது... தமிழில தெரியாது அப்பா."

ஏன் எனக்கு அது தைத்தது என்று நீங்கள் அறிய வேண்டும். நான் இந்த நாட்டுக்கு வந்த காலத்தில் அகதி விசாரணைக்குப் போனேன். அங்கே ஒரு மொழிபெயர்ப்பாளர் இருந்தார். நான் என் கதையை அழுதழுது சொன்னேன். நான் மூச்சு விட நிறுத்தும் போதெல்லாம் அவர் ஒரேயொரு வசனம் சொன்னார். அதிகாரி அந்த ஒரு வசனத்தைத்தான் எழுதினார். விண்ணப்பம் தள்ளுபடியானது. அன்றிலிருந்து நீளமாகப் போய்க் குட்டையாக வருகிற பேச்சை நான் நம்புவதில்லை.

டாக்டர் வெளியே போனதும் நீயும் பின்னால் போனாய். கதவில் கண்ணாடி இருந்தது. அதற்கு அந்தப் பக்கம் நீ ஏதோ கேட்டாய். அவர் தலையை ஆட்டி ஆட்டிப் பதில் சொன்னார். நீ முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாய். அவர் உன் தோளில் கை வைத்தார். பிறகு நீ முகம் துடைத்துக்கொண்டு உள்ளே வந்து சிரித்தாய்.

"என்னவாம்?"

"ஒண்டுமில்லை அப்பா."

அந்த நேரம் பார்த்து அம்மா வந்து பையில் இருந்து ஒரு குலை முந்திரிகைப் பழம் எடுத்தார்.

என் சித்தப்பா யாழ்ப்பாணத்து ஆஸ்பத்திரியில் கிடந்தபோது அவருக்கு வாய்வு என்றுதான் சொல்லியிருந்தார்கள். வாட்டில் இருந்த எல்லோருக்கும் உண்மை தெரியும், அவருக்கு மட்டும் தெரியாது. வருத்தக்காரனிடம் உள்ளதைச் சொன்னால் மனம் உடைந்து முந்திப் போய்விடுவான் என்பது எங்களுடைய முறை. போக இருக்கிறவனுக்கு ஆக விலை கூடின பழமாக வரும். முந்திரிகை வந்த அன்றே சித்தப்பா சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

"ஏன் முந்திரிகை வாங்கினீர்?" என்று அம்மாவைக் கேட்டேன்.

"மலிவாப் போட்டிருந்தவங்கள்."

நம்பவில்லை.

குளிசையை ஒரு சிறு கிண்ணத்தில் தாதி கொண்டுவந்தார். பாதி மஞ்சள், பாதி செம்மண் நிறம்.

"சோதனை முடிவு வந்திட்டுதோ?" என்று கேட்டேன்.

"இல்லை அப்பா. மரபணுச் சோதனை முடிவு நாளைக்கோ நாளையிண்டைக்கோ வருமாம். சந்தேகத்திலயே தொடங்க வேணுமாம்."

"சந்தேகத்தில ஆளைப் பிடிக்கிறது கண்டிருக்கிறன். சந்தேகத்தில மருந்து குடுக்கிறது எங்கயும் உண்டோ? உது என்ன குளிசை?"

"விட்டமின் ஏ மாதிரி ஒண்டாம்."

பக்கத்துக் கட்டிலில் ஹெர் கிளாஸ் என்ற ஜெர்மன் கிழவர் படுத்திருந்தார். தனக்கு இரத்தத்தில் லூக்கேமியா என்று அவரே என்னிடம் சொல்லியிருந்தார், எனக்கும் இரத்தத்தில்தானே பிழை. அவருக்கு மூன்று போத்தல் தொங்கியது, கீமோ. அவருக்குக் கீமோ, எனக்கு விட்டமின். ஏன்? அவர் இந்த நாட்டில் பிறந்தவர், நான் வந்தவன் என்றுதான் என் புத்தி போனது. ஒன்றில் செலவு மிச்சம் பிடிக்கிறார்கள், அல்லது என்னைக் கைவிட்டுவிட்டுச் சும்மா மனம் ஆற ஏதோ தருகிறார்கள். கிண்ணத்தை மேசையில் தள்ளி வைத்தேன்.

"முடிவு வரட்டும். அதுக்குப் பிறகு போடுறன்."

3

டாக்டர் திரும்ப வந்தார். இந்த முறை கதிரையில் இருக்கவில்லை, நின்றபடி கதைத்தார். நீ "அப்பா, பிளீஸ்" என்றாய். நான் சொன்னேன்:

"மரியதாஸ் அண்ணைக்கு எடு. அவர் கேட்டுச் சொல்லட்டும்."

மரியதாஸ் அண்ணை மன்னார் ஆள், வுப்பர்டாலில் இருக்கிறார். தள்ளுபடியான என் விண்ணப்பத்துக்கு மேல்முறையீடு செய்தபோது கூட வந்து, நான் சொன்னதைச் சொன்னபடி சொல்லி, என்னை இந்த நாட்டில் இருக்க வைத்தவர். எங்கள் சனத்தில் யார் ஆஸ்பத்திரியில் படுத்தாலும் அவருக்குத்தான் முதல் தொலைபேசி. பெற்ற மகள் பக்கத்தில் நிற்க நான் அவரை நம்பினேன். உனக்கு முகம் சிவந்தது. ஆனாலும் எடுத்தாய், சத்தமாகக் கேட்கும்படி வைத்தாய்.

டாக்டர் தொலைபேசியைப் பார்த்து எல்லாவற்றையும் மறுபடி சொன்னார். அண்ணை "யா, யா" என்று கேட்டார். நடுவில் ஓர் இடத்தில் அவருடைய "யா" நின்றுபோனது. பிறகு தமிழில் வந்தார்.

"தம்பி நேசன், ஒண்டுக்கும் யோசியாதையும். சின்ன விஷயம். உடம்பில சத்துக் குறைஞ்சு போச்சு. ஒரு விட்டமின் தருகினம், போடும். பதறுறதுக்கு ஒண்டும் இல்லை, அவசரமும் இல்லை. மாதா பாத்துக்கொள்ளுவா."

எனக்கு நெஞ்சில் இருந்த கல் இறங்கியது. "பாத்தியே பிள்ளை? அவசரம் இல்லையாம். முடிவு வந்தாப்போல போடுவம்."

நீ தொலைபேசியைப் பறித்தாய்.

"அங்கிள், நீங்கள் பொய் சொல்லுறீங்கள்!"

"பிள்ளை, வருத்தக்காரருக்கு உதுகளைச் சொல்லுறேல்லை. அது எங்கட முறை இல்லை அம்மா."

"உங்கட முறையால அப்பா சாகப் போறார்!"

அம்மா "வாயைப் பொத்தடி" என்று உன்னைப் பிடிக்க வந்தார். நீ விடவில்லை. என் கட்டிலில் ஏறி இருந்து, என் முகத்துக்கு நேரே, எனக்கு இப்போதும் கேட்கிறது, இப்படிச் சொன்னாய்:

"அப்பா, கேளுங்கோ. உங்களுக்கு லூக்கேமியா. உங்கட இரத்தம் உறையாது. மூளைக்குள்ள இரத்தம் போகலாம். இண்டைக்கே போகலாம். குளிசை போடாட்டில் நீங்கள் சாகலாம். போட்டால், இந்த வகையில கனபேர் சுகப்பட்டிருக்கினம். டாக்டர் ரெண்டையும் சொன்னவ. நான் ரெண்டையும் சொல்லேல்லை."

"ஏன் சொல்லேல்லை?"

"எப்பிடிச் சொல்லுறது? மெதுவாச் சொல்லுற தமிழ் எனக்குத் தெரியாது அப்பா!"

ஹெர் கிளாஸ் கூடத் தலையைத் தூக்கிப் பார்த்தார். அவருக்குத் தமிழ் விளங்கவில்லை, ஆனால் விஷயம் விளங்கியிருக்க வேண்டும்.

நான் சந்தேகக்காரன். என் சந்தேகத்துக்கும் ஒரு கணக்கு உண்டு. மறைக்கிறவன் இப்படிச் சொல்ல மாட்டான். சாகலாம் என்ற சொல்லை என் முகத்துக்கு நேரே போடுகிறவளிடம் அதைவிடக் கெட்ட சொல் ஒளிந்திருக்க இடமில்லை. அப்படியானால் "கனபேர் சுகப்பட்டிருக்கினம்" என்பதும் உண்மையாக இருக்க வேண்டும். கிண்ணத்தை எடுத்தேன். குளிசைகளை வாயில் போட்டேன்.

கட்டிலில் கிடந்த தொலைபேசிக்குள் இருந்து குரல் வந்தது.

"தம்பி, போட்டாச்சோ?"

"ஓம் அண்ணை."

"தண்ணி குடியும்."

அவர் தொலைபேசியை வைக்கவில்லை. அவர் மூச்சு விடுகிற சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது. அவரில் எனக்கு இன்றைக்கும் கோபம் இல்லை. நான் அவர் இடத்தில் இருந்தால் அதையேதான் சொல்லியிருப்பேன்.

4

முடிவு வந்தது. டாக்டரின் சந்தேகம் சரியாக இருந்தது. காத்திருந்திருந்தால் முடிவைக் கேட்க நான் இருந்திருப்பேனோ தெரியாது. ஆனாலும் விட்டமினில் புற்றுநோய் மாறுமா என்ற கேள்வி என்னை விடவில்லை. தர்சிகா, உன்னைக் குடைந்தேன். "கையால ஒட்டிக் காட்டினது என்ன?"

நீ ஜெர்மன் சொல்லைச் சொன்னாய்: டிரான்ஸ்கிரிப்ஷன்ஸ்ஃபாக்டர். பிறகு இணையத்தில் தேடித் தமிழைக் கண்டுபிடித்தாய்: படியெடுத்தல் காரணி.

"விளங்குதோ அப்பா?"

"ஜெர்மனே பரவாயில்லை."

நீ சிரித்தாய்.

"உங்கட பேக்கரியில இண்டைக்கு என்ன செய்யிறது எண்டு ஆர் சொல்லுறது?"

"யூர்கன். போர்மன்."

"அவர் என்ன செய்வார்?"

"கந்தோரில இருந்து ஃபோன் வரும். பெரிய செய்முறைப் புத்தகத்தில அந்தப் பக்கத்தைத் திறந்து வைப்பார். அந்தப் பக்கத்தைப் பார்த்துப் பொடியள் செய்வாங்கள்."

"அவ்வளவுதான் அப்பா. யூர்கன்தான் படியெடுத்தல் காரணி."

அன்று நீ சொன்னதையும், பிறகு டாக்டரிடம் கேட்டுக் கேட்டு நான் விளங்கிக்கொண்டதையும் இங்கே எழுதுகிறேன். பிழை இருந்தால் என்னுடையது.

உடம்பில் உள்ள ஒவ்வொரு கலத்துக்குள்ளும் ஒரே புத்தகம்தான் இருக்கிறது. தோலுக்கும் அதுதான், ஈரலுக்கும் அதுதான். எந்தக் கலம் என்னவாக வளரும் என்பது எந்தப் பக்கம் திறந்திருக்கிறது என்பதில் இருக்கிறது. அந்தப் பக்கங்களைத் திறப்பதும் மூடுவதும் இந்தப் போர்மன்மாரின் வேலை. எலும்புக்கு உள்ளே இருக்கிற மச்சையில் இளம் இரத்தக் கலங்கள் பிறக்கின்றன. ஒரு போர்மன், யூர்கன் என்றே வைத்துக்கொள்வோம், "இனி வளருங்கள்" என்கிற பக்கத்தைத் திறந்தால்தான் அவை வளர்ந்து கிருமியோடு சண்டை பிடிக்கப் போகும். யூர்கனுக்கு வருகிற ஃபோன், சாப்பாட்டில் இருந்து கிடைக்கிற விட்டமின் ஏயில் இருந்து உடம்பு செய்கிற ஒரு பொருள்.

என்னுடைய ஒரு கலத்தில், ஒரேயொரு கலத்தில், புத்தகத்தின் இரண்டு பாகங்கள் உடைந்து தவறாக ஒட்டிக்கொண்டன. அதனால் அரைவாசி யூர்கனும் அரைவாசி மாரெக்குமாக ஒரு புது ஆள் உண்டானான். மாரெக் எங்கள் மற்ற ஷிப்ட் போர்மன். இந்த ஒட்டின ஆளுக்கு ஃபோன் சரியாகக் கேட்காது. "வளருங்கள்" என்ற பக்கத்தை மூடி அதன்மேல் ஏறி இருந்துவிட்டான். கலங்கள் பிறக்கின்றன, பெருகுகின்றன, வளரவில்லை. பொங்காத மா தட்டுத் தட்டாக வந்து குவிந்தால் எங்கள் பேக்கரியில் மற்றவற்றுக்கு இடம் இருக்காது. அப்படித்தான், இரத்தத்தை உறைய வைக்கிற சின்னக் கலங்களுக்கு என் மச்சையில் இடம் இல்லாமல் போனது. போதாக்குறைக்கு, அந்த வளராத கலங்களில் இருந்து கசிகிற சரக்கே உறைதலைக் குழப்பியது. அதுதான் பல்லில் வந்த இரத்தம்.

குளிசை என்ன செய்கிறது? அந்த ஆளின் காதில் ஒலிபெருக்கி வைத்துக் கத்துகிறது. அவ்வளவு பலமாகக் கத்தினால் அவனும் எழும்புவான். பக்கம் திறக்கும். பிழையாகிப்போன கலங்கள் வளரத் தொடங்கும், வளர்ந்து, தங்கள் காலம் வந்து தாங்களாகவே சாகும். முதல் நாட்களில் என் வெள்ளைக் கலங்கள் கூடின. காய்ச்சலும் மூச்சுமுட்டலும் வந்தன. "மருந்தால கூடுதே!" என்று நான் கத்தினேன். "வளருதுகள் அப்பா, அதுதான்" என்று நீ சொன்னாய். அதற்கும் வேறு குளிசை தந்தார்கள். அதையும் சந்தேகத்தோடுதான் விழுங்கினேன்.

கட்டிலின் மறுபக்கம் நின்ற அபினாஸ் அன்று ஒரு வார்த்தை சொன்னான்.

"அப்பாவும் அந்த ஒட்டின ஆள்தான். அக்கா படிக்க டார்ம்ஸ்டாட் போகப் போறன் எண்டு கேட்ட நாளில இருந்து விடமாட்டன் எண்டு அந்தப் பக்கத்தை மூடி மேல ஏறி இருக்கிறார்."

"பொத்தடா வாயை. கத்தினாலும் எழும்ப மாட்டன்" என்றேன். நீங்கள் இரண்டு பேரும் சிரித்தீர்கள். நானும் சிரித்தேன். ஆனால் அவன் சொன்னதில் கொஞ்சம் உள்ளே போய் இருந்துவிட்டது.

ஹெர் கிளாசைப் பற்றியும் கேட்டேன். அநேக லூக்கேமியாக்களில் ஏதாவது ஒரு போர்மன் பிழையாகிப்போயிருப்பானாம். ஆனால் பெரும்பாலான இடங்களில் அவனை எழுப்பும் குரலை இன்னும் கண்டுபிடிக்கவில்லையாம். அதனால்தான் அவருக்குக் கீமோ. எனக்கு மலிவாகத் தரவில்லை, அவருக்குத்தான் தர அது இருக்கவில்லை. கிழவர் என் கிண்ணத்தைப் பார்த்து ஒருநாள் சொன்னார்: "உங்களுக்கு அதிர்ஷ்டம்." நான் இவ்வளவு காலமும் அவருடைய போத்தல்களைப் பார்த்துப் பொறாமைப்பட்டிருந்தேன். பிறகு அவரை வேறு வாட்டுக்கு மாற்றினார்கள். என்ன ஆனார் என்று தெரியாது. கேட்டபோது தாதி, சொல்ல அனுமதி இல்லை என்றார்.

5

அடுத்தது இன்னும் மோசம். குளிசையோடு ஊசி மருந்தும் ஏற்ற வேண்டுமாம். பெயர் அர்சென்.

அம்மா தொலைபேசியில் தட்டிப் பார்த்துவிட்டு நெஞ்சில் கை வைத்தார். "இஞ்சருங்கோ, இது பாஷாணம் எல்லோ?"

பாஷாணமேதான். ஊரில் எலிக்கு வைப்பது. குடும்பச் சண்டையில் "பாஷாணத்தைத் திண்டு சாகிறன்" என்று சொல்லுவது. அதைப் போத்தலில் கலந்து என் நரம்பில் விடப் போகிறார்கள். தாதி கையுறை போட்டு, மேலங்கி போட்டு, அந்தப் பையைத் தொட்டார். கையில் படக் கூடாதாம். கையில் படக் கூடாததை எனக்குள்ளே ஏற்றுகிறார். இதைப் பார்த்தும் சந்தேகப்படாதவன் மனிதனா?

"தர்சிகா, உண்மையைச் சொல்லு. முடிச்சு விடப் போகினமோ?"

"முடிக்கத்தான் போகினம், உங்களை இல்லை. அந்த ஒட்டின ஆளை."

குளிசை யூர்கன் பாதியின் காதில் கத்துகிறது. பாஷாணம் மாரெக் பாதியின் சட்டையைப் பிடித்து ஆளையே உடைத்துக் குப்பையில் போடுகிறது. இரண்டும் சேர்ந்தால்தான் அவன் போவான். அளவு மிகச் சிறியது, இதயத்தைப் பதிவு செய்து பார்த்துக்கொண்டே ஏற்றுவார்கள். இதை நீ ஜெர்மனும் தமிழும் கலந்து, தாதியின் கையைக் காட்டி, திரும்பத் திரும்பச் சொன்னாய். ஆஸ்பத்திரியில் இருந்து வீட்டுக்கு வந்த பிறகும் கிழமை நாட்களில் காலை ரயிலில் போய், ஏற்றிக்கொண்டு, மத்தியானம் திரும்பி வந்தேன். துளி துளியாக இறங்குவதை ஒவ்வொரு நாளும் பார்த்துக்கொண்டே இருந்தேன். ஒருநாளும் கண்ணை மூடவில்லை. பாஷாணத்தின் மேல் நம்பிக்கை வந்தது என்று சொல்ல மாட்டேன். பழகிவிட்டது.

அந்த நாட்களில் நீ லீவு எடுத்து எத்தனையோ முறை கூட வந்தாய். ஒவ்வொரு முறையும் உன் தமிழ் கொஞ்சம் வளர்ந்தது. "பிழை" என்ற இடத்தில் "சின்னக் குழப்பம்" என்றாய். "கெட்டது" என்ற இடத்தில் "பாத்துக்கொள்ள வேண்டியது" என்றாய். மரியதாஸ் அண்ணை சில நேரம் தொலைபேசியில் உனக்குச் சொல் சொல்லித் தந்தார். உங்கள் சண்டை அப்படி முடிந்தது. எல்லோரும் சந்தோஷப்பட்டார்கள். நான் மட்டும் உன்னைக் கூர்ந்து பார்க்கத் தொடங்கினேன்.

6

கடைசி ஊசியும் முடிந்த நாள், மச்சையில் அந்த ஒட்டின ஆளின் சுவடு காணவில்லை என்று சொன்ன நாள், தர்சிகா, நீயும் நானும் ரயிலில் ஹம்முக்கு வந்துகொண்டிருந்தோம். எதிரே யாரும் இல்லை. என் மனதில் கிடந்ததைக் கேட்டேன்.

"முதல் நாள் கண்ணாடிக்கு அங்கால நிண்டு ஏன் அழுதனி?"

நீ யன்னலைப் பார்த்தாய்.

"கோவிக்கக் கூடாது."

"சொல்லு."

"நான் டாக்டரிட்டக் கேட்டனான், இது எனக்கும் தம்பிக்கும் வருமோ எண்டு. நீங்கள் அங்க இரத்தம் ஒழுகிக்கொண்டு படுத்திருக்கிறியள். நான் என்னைப் பற்றிக் கேட்டனான்."

"என்னவாம்?"

"வராதாம். இது உங்கட மச்சையில ஒரு கலத்தில பிறகு நடந்ததாம். நீங்கள் எங்களுக்குத் தந்ததில இல்லையாம்." நீ யன்னலை விட்டு என் பக்கம் திரும்பினாய். "அதைக் கேட்டவுடன எனக்குச் சந்தோஷம் வந்தது அப்பா. அப்பா சாகக் கிடக்க எனக்குச் சந்தோஷம் வந்தது. அதுக்குத்தான் அழுதனான்."

நான் உன் கையைப் பிடித்துக்கொண்டிருந்தேன். ஒன்றும் சொல்லவில்லை. நீ நான் கோபித்தேன் என்று நினைத்திருப்பாய். அதற்குப் பிறகு நீ டார்ம்ஸ்டாட் கதையையே எடுக்கவில்லை. ஒரு பாவத்துக்குத் தண்டம் கட்டிக்கொண்டிருப்பவள் போல வீட்டிலேயே இருக்கிறாய். என் குளிசைப் பெட்டியை நிரப்புகிறாய். அம்மாவோடு கோயிலுக்குப் போகிறாய். அந்த அக்கா பார்த்தபோது தலை குனிந்தாய்.

நீ என்னிடம் ஒன்றை மறைக்கிறாய் என்று நான் பட்ட சந்தேகம் சரி. மறைத்தது என்ன என்றுதான் பிழையாக நினைத்தேன்.

7

இவ்வளவும் எழுதிய பிறகு ஓர் இடத்தில் பேனை நின்றுவிட்டது. "உங்களுக்கு இது வராது" என்று எழுத வேண்டும். ஊர் வாசிக்க, அந்த அக்காவும் வாசிக்க எழுத வேண்டும். ஆனால் அதற்கு என்னிடம் இருந்த ஆதாரம் உன் வாய்ச் சொல் மட்டும். அந்தச் சொல்லை நீ ரயிலில் சொன்னபோது மெதுவாகச் சொல்லப் பழகியிருந்தாய். முதல் நாள் கட்டிலில் ஏறி இருந்து சொன்னவளாக இருந்தால் கேள்வியில்லாமல் நம்பியிருப்பேன். என் மனம் இப்படி ஆனதற்கு நான் என்ன செய்ய?

செவ்வாய்க்கிழமை அம்மாவிடம் மருந்துச் சீட்டு எடுக்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டு ரயில் ஏறினேன். யாரையும் கூட்டிப் போகவில்லை. வழியெல்லாம் ஒரே வசனத்தை ஜெர்மனில் வாய்க்குள் சொல்லிக்கொண்டு போனேன். கொண்டை கட்டிய டாக்டர் என்னைத் தனியாகக் கண்டு வாசலை எட்டிப் பார்த்தார். மகள் எங்கே என்று கேட்டார். பிறகு மொழிபெயர்ப்புக்கு யாரையாவது எடுக்கத் தொலைபேசியைத் தூக்கினார். வேண்டாம் என்று கையைக் காட்டினேன்.

என் வசனத்தைச் சொன்னேன். என் பிள்ளைகளுக்கு இது வருமா?

"நைன்" என்றார், இல்லை என்று.

"இன்னொரு தரம் சொல்லுங்கோ" என்றேன், அதையும் ஜெர்மனில்.

"நைன்." அவர் ஒரு கடதாசியில் நிறைய வட்டங்கள் கீறினார். நடுவில் ஒன்றைக் கறுப்பாக்கினார். அதற்கு வெளியே தள்ளி, தொடாமல், இரண்டு சின்ன வட்டங்கள் கீறி என்னைப் பார்த்தார். நீங்கள் இரண்டு பேரும். எனக்கு விளங்கியது. நீ சொன்னது அப்படியே, கூட்டாமல் குறைக்காமல் இருந்தது.

தர்சிகா, நீ அன்று கேட்டுவிட்டுப் பாவம் என்று சுமக்கிற கேள்வியைத்தான் நானும் கேட்டேன். அதே டாக்டரிடம் கேட்டேன்.

அவருக்குப் பின்னால் கணினித் திரையில் என் புது இரத்த முடிவு திறந்திருந்தது. என் பெயர் தெரிந்தது, முடிவு என்ன என்று நான் கேட்கவில்லை. வேறு ஏதாவது கேட்க இருக்கிறதா என்று கேட்டார். இல்லை என்று சொல்லி எழும்பி, கதிரையை மேசைக்கு அடியில் தள்ளி வைத்துவிட்டு வந்தேன்.